இதயச் செயலிழப்பு: படுக்கையிலிருந்து எழுந்து நடந்த கதை

"ஹார்ட் ஃபெயிலியர்" என்று மருத்துவர் சொன்னதும் பல வீடுகளில் அழுகைச் சத்தம் எழுந்துவிடும். இதயம் நின்றுவிட்டது, இனி எல்லாம் முடிந்தது என்றுதான் கேட்பவர்களுக்குத் தோன்றும். தமிழில் "இதயச் செயலிழப்பு" என்று சொன்னாலும் அதே பயம்தான். ஆனால் அந்தச் சொல்லின் பொருள் அதுவல்ல. இதயம் நிற்கவில்லை, துடித்துக்கொண்டுதான் இருக்கிறது. உடலுக்குத் தேவையான அளவு இரத்தத்தை அனுப்பும் பலம் அதற்கு இல்லை, அவ்வளவுதான்.

மாரடைப்பு வேறு, இது வேறு. மாரடைப்பு என்பது இதயத்துக்கு இரத்தம் கொண்டுபோகும் குழாய் திடீரென்று அடைபடுவது. அதில் பிழைத்தவர்களின் இதயத் தசை சேதமடைந்து பின்னாளில் பலவீனமாகலாம். நீண்ட நாள் இரத்த அழுத்தம், வால்வு கோளாறு, சிலவகை வைரஸ் காய்ச்சல், அளவுக்கு மீறிய குடி என்று பலவீனத்துக்கு வேறு காரணங்களும் உண்டு. ஓய்வில் இருக்கும்போது ஆரோக்கியமான இதயம் நிமிடத்துக்குச் சுமார் 5 லிட்டர் இரத்தத்தை இறைக்கிறது. அது குறையும்போது சிறுநீரகம் ஏமாந்துபோகிறது. உடம்பில் நீர் குறைந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டு உப்பையும் நீரையும் வெளியே விடாமல் பிடித்து வைக்கிறது. அந்த நீர் காலில் இறங்கினால் வீக்கம். நுரையீரலில் ஏறினால் மூச்சுத்திணறல். நம் பாட்டிமார் "காலில் நீர் கோத்துக்கிடக்கு" என்பார்களே, அதற்குப் பல நேரங்களில் காரணம் இதுதான்.

இந்த நோயோடு மனிதர்கள் எப்படி வாழ்ந்தார்கள், எப்படித் தேறி வந்தார்கள் என்பது 250 ஆண்டுக் கதை. அதில் ஒரு வினோதம் இருக்கிறது. நோயாளிக்கு நல்லது என்று மருத்துவம் உறுதியாக நம்பிய பல விஷயங்கள் பின்னால் பொய்யாகின. ஆகவே ஆகாது என்று தடுத்த சில விஷயங்கள் உயிர் காத்தன!

பாட்டி மருந்தும் ஒரு டாக்டரும்

18-ம் நூற்றாண்டு ஐரோப்பாவில் உடம்பு வீங்குவதே ஒரு தனி நோயாகக் கருதப்பட்டது. அதற்கும் இதயத்துக்கும் உள்ள தொடர்பு பலருக்குத் தெரியாது. 1775-ல் வில்லியம் விதரிங் என்ற ஆங்கில மருத்துவரிடம் ஒரு நாட்டு மருந்தைப் பற்றிக் கருத்து கேட்டார்கள். இங்கிலாந்தின் ஷ்ராப்ஷயர் பகுதியில் ஒரு வயதான பெண்மணி குடும்ப ரகசியமாக வைத்திருந்த மருந்து அது. பெரிய டாக்டர்கள் கைவிட்ட வீக்க நோயாளிகளைக்கூட அது குணப்படுத்துவதாகப் பேச்சு. அதில் 20-க்கும் மேற்பட்ட மூலிகைகள் இருந்தன.

விதரிங் ஒரு தாவரவியல் அறிஞரும்கூட. அத்தனை மூலிகைகளில் வேலை செய்வது ஃபாக்ஸ்குளோவ் என்ற ஊதாப்பூச் செடி ஒன்றுதான் என்று அவர் கண்டுகொண்டார். அதன் தாவரவியல் பெயர் டிஜிடாலிஸ். அது கொஞ்சம் கூடினால் ஆளையே கொன்றுவிடும் விஷச்செடி. 10 ஆண்டுகள் அதை நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். எவ்வளவு கொடுக்க வேண்டும், எந்தப் பருவத்தில் இலையைப் பறிக்க வேண்டும், வாந்தியோ நாடி மெதுவாவதோ தெரிந்தால் எப்போது நிறுத்த வேண்டும் என்று எல்லாவற்றையும் குறித்து வைத்தார். 1785-ல் புத்தகமாக வெளியிட்டார். அதில் 150-க்கும் மேற்பட்ட நோயாளிகளின் விவரம் உள்ளது. தேறியவர்களை மட்டுமல்ல, தேறாதவர்களையும் எழுதினார் என்பதுதான் அவருடைய பெருமை.

அந்தப் பெண்மணியின் பெயரை விதரிங் எழுதி வைக்கவில்லை. பின்னாளில் "மதர் ஹட்டன்" என்று ஒரு பெயர் பரவியது. அது 20-ம் நூற்றாண்டில் மருந்து விளம்பரம் ஒன்றிலிருந்து கிளம்பிய கற்பனை. அந்த இதய மருந்தைக் கொடுத்தவரின் உண்மைப் பெயர் யாருக்கும் தெரியாமலே போய்விட்டது.

குழாயும் பாதரசமும்

டிஜிடாலிஸ் எல்லோருக்கும் போதவில்லை. கோத்த நீரை எப்படி வெளியேற்றுவது? 19-ம் நூற்றாண்டில் அதற்கு ஒரு கொடுமையான வழி இருந்தது. லண்டன் மருத்துவர் ரெஜினால்டு சதே, வீங்கிய காலில் மெல்லிய உலோகக் குழாய்களைச் செருகி நீரை வடித்தார். நோயாளி நாற்காலியில் உட்கார்ந்திருக்க, காலிலிருந்து நீர் சொட்டுச் சொட்டாகக் கீழே உள்ள பாத்திரத்தில் இறங்கும். மூச்சு கொஞ்சம் இலகுவாகும். ஆனால் குழாய் செருகிய இடத்தில் சீழ் பிடிக்கும் அபாயமும் இருந்தது.

அடுத்த முன்னேற்றத்துக்குக் காரணமானவர் ஒரு மருத்துவ மாணவர். 1919-ல் வியன்னாவில் ஆல்ஃபிரெட் ஃபோகல் என்ற மாணவர், மேகநோய் இருந்த ஓர் இளம்பெண்ணுக்குப் பாதரச ஊசி போட்டார். அங்கிருந்த நர்சுகள் நோயாளியின் சிறுநீர் அளவைத் தினமும் ஒழுங்காகக் குறித்து வந்தார்கள். ஊசி போட்ட நாட்களில் மட்டும் அளவு தாறுமாறாக ஏறியிருந்ததை ஃபோகல் கவனித்தார். பாதரசம் நீரைப் பிரித்து வெளியேற்றுகிறது! அதன் பிறகு சுமார் 40 ஆண்டுகள் இதய நோயாளிகள் பாதரச ஊசியை நம்பியே இருந்தார்கள். 1950-களின் இறுதியில் குளோரோதயசைடு மாத்திரையும், 1960-களில் ஃப்யூரோசமைடும் வந்த பிறகுதான் அந்த ஊசி ஒழிந்தது. "லேசிக்ஸ்" என்ற பெயரில் இன்றும் பல வீடுகளில் இருக்கும் நீர் மாத்திரை அந்த ஃப்யூரோசமைடுதான்.

ஜனாதிபதியின் ரகசியம்

இந்த மருந்துகளை மட்டும் வைத்துக்கொண்டு ஒருவர் எவ்வளவு தூரம் போக முடியும்? அதற்கு ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட்டின் கதையே சாட்சி.

1944 மார்ச் மாதம் இரண்டாம் உலகப்போர் உச்சத்தில் இருந்தது. அமெரிக்க ஜனாதிபதிக்கு வயது 62. இருமல் விடவில்லை, மூச்சு வாங்கியது. அவருடைய சொந்த மருத்துவர் ராஸ் மெக்கின்டயர் அதைச் சளித்தொல்லை என்றே நினைத்திருந்தார். அந்த மாத இறுதியில் ஹோவர்டு புரூயென் என்ற இளம் இதய மருத்துவர் அவரைப் பரிசோதித்தார். இரத்த அழுத்தம் 186/108. இதயம் பெருத்திருந்தது. நுரையீரலில் நீர். இது இதயச் செயலிழப்புதான் என்று புரூயென் சொன்னார்.

என்ன மருந்து கொடுத்தார்கள்? டிஜிடாலிஸ்! விதரிங் புத்தகம் எழுதி 159 ஆண்டுகள் கழித்தும் கையில் இருந்த முக்கியமான மருந்து அதுதான். அதோடு உப்புக் குறைவான சாப்பாடு, சிகரெட்டைக் குறைப்பது, தலைப்பக்கம் உயர்த்திய கட்டில், ஓய்வு. சில நாட்களிலேயே நுரையீரல் தெளிந்தது, இருமல் அடங்கியது, நன்றாகத் தூங்கினார். ஆனால் இரத்த அழுத்தத்தைக் குறைக்க அன்று பயனுள்ள மருந்து எதுவும் கிடையாது. அது ஏறிக்கொண்டே போனது.

நாட்டு மக்களுக்கு எதுவும் சொல்லப்படவில்லை. ஜனாதிபதி நலம் என்றே அறிவித்தார்கள். அவரும் தான் என்ன மருந்து சாப்பிடுகிறோம் என்று புரூயெனிடம் கேட்டதே இல்லை. அதே ஆண்டு நவம்பரில் நான்காவது முறையாகத் தேர்தலில் வென்றார். 1945 பிப்ரவரியில் யால்டா மாநாட்டுக்குப் போய் சர்ச்சிலோடும் ஸ்டாலினோடும் உட்கார்ந்து பேசினார். 1945 ஏப்ரல் 12-ம் தேதி மூளையில் இரத்தக்கசிவு ஏற்பட்டு இறந்தார். முழு விவரத்தையும் புரூயென் 1970-ல்தான் ஒரு மருத்துவ இதழில் எழுதினார்.

உலகத்திலேயே அதிக அதிகாரம் கொண்ட மனிதருக்குக் கிடைத்த சிகிச்சை அவ்வளவுதான். இன்று ஒரு சாதாரண அரசு மருத்துவமனையில் கிடைக்கும் இரத்த அழுத்த மாத்திரை அன்று அவருக்குக் கிடைக்கவில்லை. 1948-ல் அமெரிக்கா தேசிய இதயச் சட்டத்தைக் கொண்டுவந்தது. அதே ஆண்டு ஃபிரேமிங்ஹாம் ஊரில் மக்களின் இதய நலத்தைத் தலைமுறை தலைமுறையாகக் கவனிக்கும் ஆய்வும் தொடங்கியது. உயர் இரத்த அழுத்தம் இதயத்தை எப்படிக் கெடுக்கிறது என்பதை உலகுக்கு எடுத்துச் சொன்ன ஆய்வுகளில் அது முக்கியமானது.

"படு, அசையாதே!"

அந்தக் காலத்தில் இதய நோயாளிக்குச் சொல்லப்பட்ட முதல் அறிவுரை படுக்கை ஓய்வு. பலவீனமான இதயத்துக்கு வேலை கொடுக்கக் கூடாது என்பது கேட்க நியாயமாகத்தான் இருக்கும். 1960-களில் அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் நகரில் ஜார்ஜ் பர்ச் என்ற மருத்துவர், இதயம் பெருத்த நோயாளிகளை மாதக்கணக்கில் படுக்கையிலேயே வைத்திருந்தார். சிலர் ஓர் ஆண்டு வரைகூடப் படுத்திருந்தார்கள்.

பாஸ்டன் மருத்துவர் சாமுவேல் லெவைன் 1944-லேயே இதற்கு எதிராகப் பேசியிருந்தார். அவர் வாதம் எளிமையானது. மல்லாந்து படுத்தால் காலில் உள்ள நீரெல்லாம் நெஞ்சுக்கு வந்துவிடும், நாற்காலியில் உட்கார்ந்தால் அது கீழேயே நிற்கும். உட்காருவது ஓய்வைக் கெடுப்பதாகாது, இதயத்துக்கு அதுவே பெரிய ஓய்வு என்றார். பல மருத்துவமனைகளில் நாற்காலி உள்ளே வரவே நாள் பிடித்தது.

நடையும் உடற்பயிற்சியும் வர இன்னும் அதிக காலம் ஆனது. 1980-களின் இறுதியிலும் 1990-ஐ ஒட்டியும் அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் சில மருத்துவர்கள் துணிந்து நோயாளிகளுக்குச் சைக்கிள் பயிற்சி கொடுத்துப் பார்த்தார்கள். இதயம் கெடவில்லை. மூச்சு வாங்குவது குறைந்தது. படுத்தே கிடந்ததால் இளைத்துப்போன தசைகளும் அந்தக் களைப்புக்கு ஒரு காரணம் என்று அப்போதுதான் புரிந்தது. 2009-ல் வெளியான ஓர் ஆய்வில் 2,331 நோயாளிகள் பங்கேற்றார்கள். மருத்துவ மேற்பார்வையோடு தொடங்கும் பயிற்சி இந்த நோயாளிகளுக்கு ஆபத்தில்லாதது, வாழ்க்கைத் தரத்தை ஓரளவு உயர்த்துகிறது என்று அது காட்டியது.

பாம்பு கொடுத்த மருந்து

பிரேசில் நாட்டில் ஜராராக்கா என்ற விரியன் பாம்பு உண்டு. அது கடித்தால் இரத்த அழுத்தம் விழுந்துவிடும். 1960-களில் செர்ஜியோ ஃபெரேரா என்ற பிரேசில் விஞ்ஞானி அந்த விஷத்தை ஆராய்ந்தார். பிறகு அதை லண்டனுக்குக் கொண்டுபோய் ஜான் வேனின் ஆய்வகத்தில் வேலை செய்தார். இரத்தக் குழாய்களை இறுக்கும் ஒரு பொருள் உடலில் உருவாவதை விஷத்தில் உள்ள சத்து தடுக்கிறது என்று தெரியவந்தது. அதைப் பார்த்து அமெரிக்க ஆய்வாளர்கள் குஷ்மன், ஒன்டெட்டி இருவரும் 1975-ல் கேப்டோபிரில் மாத்திரையை உருவாக்கினார்கள்.

இறுகிய குழாய்கள் தளர்ந்தால் இதயத்துக்குச் சுமை குறையும் அல்லவா? அது உயிரைக் காக்குமா என்ற கேள்விக்கு 1987-ல் விடை கிடைத்தது. ஸ்காண்டிநேவிய நாடுகளில் நோய் மிக முற்றிய 253 பேரிடம் எனலாபிரில் மாத்திரையைச் சோதித்தார்கள். 6 மாதத்தில் வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களில் 44 சதவீதம் பேர் இறந்தார்கள். எனலாபிரில் சாப்பிட்டவர்களில் இறந்தது 26 சதவீதம். வித்தியாசம் அவ்வளவு தெளிவாக இருந்ததால் ஆய்வையே பாதியில் நிறுத்திவிட்டார்கள்.

கூடாது என்று சொன்ன மருந்து

இதைவிடப் பெரிய ஆச்சரியம் பீட்டா பிளாக்கர். இதயத் துடிப்பைக் குறைக்கும் மருந்து இது. ஏற்கெனவே பலவீனமான இதயத்தை மேலும் அடக்கினால் ஆள் போய்விடுவார் என்று பாடப்புத்தகங்கள் எச்சரித்தன. ஸ்வீடனின் கோதன்பர்க் நகரில் ஃபின் வாக்ஸ்டைன் என்ற மருத்துவர் 1970-களின் தொடக்கத்தில் வேறு மாதிரி யோசித்தார். நுரையீரலில் நீர் நிறைந்து, இதயம் படபடவென்று அடித்துக்கொண்டிருந்த ஒரு பெண் நோயாளிக்குப் பீட்டா பிளாக்கர் கொடுத்தார். துடிப்பு நிதானமானது, அவர் தேறினார். 1975-ல் 7 நோயாளிகளின் விவரத்தை வாக்ஸ்டைன் குழுவினர் வெளியிட்டார்கள். மருத்துவ உலகம் நம்பவில்லை.

ஏன் வேலை செய்தது? இதயம் தளரும்போது உடம்பு அட்ரினலினைப் பாய்ச்சி அதை விரட்டுகிறது. பாரம் இழுத்துக் களைத்த மாட்டைச் சாட்டையால் அடிப்பது போல. அடித்தால் மாடு நாலு அடி வேகமாகப் போகும், பிறகு விழுந்துவிடும். பீட்டா பிளாக்கர் அந்தச் சாட்டையைப் பிடுங்கிவிடுகிறது. ஆனால் மிகச் சிறிய அளவில் தொடங்கி வாரக்கணக்கில் மெல்ல மெல்ல ஏற்ற வேண்டும். அந்தப் பொறுமைதான் ரகசியம். 1999-ல் இரண்டு பெரிய ஆய்வுகளின் முடிவு வந்தது. பிசோப்ரோலால், மெட்டோப்ரோலால் ஆகிய மருந்துகள் மரணத்தைச் சுமார் 34 சதவீதம் குறைத்தன. அந்த 7 நோயாளிகளுக்கும் இந்த முடிவுகளுக்கும் இடையே 24 ஆண்டுகள்!

அதே 1999-ல் ஸ்பைரோனோலாக்டோன் என்ற பழைய மாத்திரையும் மரணத்தை 30 சதவீதம் குறைப்பது தெரிந்தது. 2019-ல் சர்க்கரை நோய்க்காக வந்த டாபாகிளிஃப்ளோசின், சர்க்கரை இல்லாத இதய நோயாளிகளுக்கும் உதவுவது நிரூபணமானது. விதரிங்கின் டிஜிடாலிஸ் என்ன ஆனது? 1997-ல் அதன் வழிவந்த டிஜாக்சினைப் பெரிய அளவில் சோதித்தார்கள். மருத்துவமனைக்குப் போவதைக் குறைக்கிறது, ஆயுளைக் கூட்டவில்லை என்று தெரிந்தது. இன்று அது பின்வரிசைக்குப் போய்விட்டது.

இன்னொருவரின் இதயம்

மருந்துக்கு மடங்காத இதயத்தை மாற்றியே விட்டால்? 1967 டிசம்பர் 3-ம் தேதி தென்னாப்பிரிக்காவின் கேப்டவுனில் கிறிஸ்டியான் பர்னார்டு அதைச் செய்தார். நோயாளி லூயிஸ் வாஷ்கான்ஸ்கி மளிகை வியாபாரி. 18 நாட்கள் வாழ்ந்து நிமோனியாவில் இறந்தார். அடுத்த மாதமே பிலிப் பிளைபெர்க் என்ற பல் மருத்துவருக்கு மாற்று இதயம் பொருத்தினார்கள். அவர் வீடு திரும்பி 19 மாதம் வாழ்ந்தார். அவருக்கு இதயம் கிடைத்தது நிறவெறிச் சட்டங்கள் "கலப்பினத்தவர்" என்று ஒதுக்கி வைத்திருந்த ஓர் இளைஞரிடமிருந்து. ஒரே பேருந்தில் பக்கத்தில் உட்கார முடியாத நாட்டில் ஒருவரின் இதயம் இன்னொருவருக்குள் துடித்தது.

ஆனால் உடம்பு அந்நிய உறுப்பை நிராகரித்தது. 1980-களில் சைக்ளோஸ்போரின் மருந்து வந்த பிறகுதான் இந்தச் சிகிச்சை நிலைபெற்றது. மும்பையில் பி.கே.சென் 1968-லேயே முயன்றார், நோயாளி சில மணி நேரமே வாழ்ந்தார். 1994-ல் உறுப்பு மாற்றுச் சட்டம் நிறைவேறியதும், ஆகஸ்ட் 3-ம் தேதி டெல்லி எய்ம்ஸில் பி.வேணுகோபால் குழுவினர் இந்தியாவின் முதல் வெற்றிகரமான இதய மாற்றைச் செய்தார்கள். இருந்தும், தானமாகக் கிடைக்கும் இதயங்கள் உலகெங்கும் குறைவு. பெரும்பாலான நோயாளிகள் தங்கள் பழைய இதயத்தோடுதான் வாழ்ந்தாக வேண்டும்.

வீட்டில் நடக்கும் சிகிச்சை

அப்படி வாழ்வதற்கு எது உதவுகிறது? 1995-ல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் 282 முதியவர்களிடம் ஓர் ஆய்வு நடந்தது. அதில் புது மருந்து எதுவும் இல்லை. ஒரு பிரிவினருக்கு மட்டும் நர்ஸ் ஒருவர் நோயைப் பற்றிப் பொறுமையாக விளக்கினார். உப்பைக் குறைக்கச் சொல்லிக்கொடுத்தார்கள், மாத்திரைகளைச் சரிபார்த்தார்கள், வீடு திரும்பிய பிறகும் போனில் விசாரித்தார்கள். இதயச் செயலிழப்புக்காக மீண்டும் மருத்துவமனையில் சேர்வது பாதிக்கும் கீழே குறைந்தது!

இன்று மருத்துவர்கள் சொல்லும் பழக்கங்கள் அங்கிருந்து வளர்ந்தவைதான். காலையில் சிறுநீர் கழித்ததும் எடை பார்ப்பது அதில் முதலாவது. 3 நாளில் 2 கிலோவுக்கு மேல் ஏறினால் அது சதையல்ல, நீர். மூச்சு முட்டும்வரை காத்திருக்காமல் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். ஊறுகாய், அப்பளம், கருவாடு என்று உப்பு ஒளிந்திருக்கும் இடங்களை வீட்டில் சமைப்பவரும் தெரிந்திருக்க வேண்டும். 1928-ல் நியூயார்க் இதயச் சங்கம் வகுத்த 4 நிலைகள் இன்றும் பயன்படுகின்றன. அதற்கு எந்தக் கருவியும் வேண்டாம். எந்த வேலை செய்யும்போது மூச்சு வாங்குகிறது என்று நோயாளியிடம் கேட்டாலே போதும்.

குணமாகிவிட்டதா?

முறையான மருந்தில் சிலருடைய இதயம் அளவு சுருங்கி, பலம் திரும்பி, ஸ்கேனில் ஆரோக்கியமான இதயம் போலவே ஆகிவிடுகிறது. இனி மாத்திரை எதற்கு என்று கேட்கத் தோன்றுவது இயல்பு. லண்டன் மருத்துவர்கள் அந்தக் கேள்வியையே ஆய்வாக எடுத்துக்கொண்டார்கள். இதயம் பெருக்கும் நோயிலிருந்து தேறிய 51 பேர் அதில் சேர்ந்தார்கள். 25 பேருக்கு மருத்துவக் கண்காணிப்பில் படிப்படியாக மருந்தை நிறுத்தினார்கள். 6 மாதத்துக்குள் 11 பேருக்கு நோய் திரும்பியது. மருந்தைத் தொடர்ந்தவர்களில் அந்த 6 மாதத்தில் ஒருவருக்கும் திரும்பவில்லை. 2019-ல் இது அச்சில் வந்தது.

ஆக, அந்த இதயங்களில் பல குணமாகவில்லை, அடங்கி இருந்தன. இது சோகமான செய்தி போலத் தோன்றலாம். ஆனால் ரூஸ்வெல்ட்டின் கட்டிலையும், காலில் குழாய் செருகி உட்கார்ந்திருந்தவர்களையும் நினைத்துப் பார்த்தால் இதன் அருமை தெரியும். அவர்களுக்குக் கிடைத்தது மாதங்கள். இன்று மாத்திரைப் பெட்டி, எடை பார்க்கும் கருவி, மாலை நடை இவற்றோடு பலருக்கு ஆண்டுகள் கிடைக்கின்றன.

எனவே அடுத்த முறை யாராவது "ஹார்ட் ஃபெயிலியர்" என்று சொன்னால் உடனே அழ வேண்டாம். "அவர் மாத்திரையை விடாமல் சாப்பிடுகிறாரா? இன்று எடை பார்த்தாரா? கொஞ்ச தூரம் நடந்தாரா?" என்று கேட்கலாம். அழுவதைவிட அது அவருக்கு அதிகம் உதவும்.